முதலில் நாடா, பிறகு பட்டன்

நன்றி சொல்வது எனக்குக் கைவராத வேலை. சைக்கிள் பழுது பார்க்கிறவன் நான். பஞ்சர் ஒட்டி வண்டியைக் கையில் கொடுக்கும்போது யாராவது "ரொம்ப நன்றிங்க" என்றால்கூட, "சரி சரி, காத்து போதுமான்னு பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கோபம் மட்டும் எனக்குத் தங்குதடையில்லாமல் வரும். ஊரில் எனக்குப் பட்டாசு என்று பெயர். நேரில் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வெடிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவன் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. என் மனைவி உயிரோடு இருக்கிறாள். பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கடகடப்பில் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. "கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலையேன்" என்று கத்த வாயெடுத்து, கத்தாமல் விட்டேன். அவளைச் சூனியக்காரி என்று சொல்லி வீட்டோடு கொளுத்தப் பார்த்தார்கள். அதில் தப்பினால் கொலைகாரி என்று ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டும் நடக்காமல் போனது இரண்டு பெண்களால்.

எங்கள் ஊரில் மாவு மில் ஒன்றுதான். அதன் முதலாளியை மில்லுக்காரர் என்போம். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முதுகு வளைந்துபோனவர். இடது தோளுக்குக் கீழே கூன். அதைப் பற்றி அவர் காதுபடப் பேச ஒருவருக்கும் தைரியம் கிடையாது. வெயில் கொளுத்தினாலும், மில்லுக்குள் மாவுப் புழுதி மூச்சை அடைத்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். "கோட்டோடதான் பொறந்தாரு" என்று ரொட்டிக்கடைக்காரர் கேலி பேசுவார், அதுவும் மில்லுக்காரர் தெருமுனை திரும்பிய பிறகுதான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு அக்கா, ஒரு தம்பி, அவ்வளவுதான் குடும்பம். அக்கா கல்யாணமாகிப் போன வேகத்தில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். பெற்றோர் போன பிறகு இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியது அவர்தான். ஊர் முழுக்க அவருக்கு மில் அக்கா என்றே பெயர். அந்த வீட்டில் மில்லுக்காரர் பெரியவன், அடுத்தவன் சின்னவன். மாவு மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்து வண்டியில் ஏற்றுவது சின்னவனின் வேலை. சிரித்த முகம். என் கடையில்தான் சைக்கிளுக்குக் காற்றடிப்பான், "அண்ணே, கொஞ்சம் கூடுதலா அடிங்க, என் வெயிட்டு உங்களுக்குத் தெரியும்ல" என்பான்.

மில்லுக்காரர் ஒருநாள் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசலில் 'தையல் நிலையம்' என்று பலகை தொங்குகிறது, அந்த மனிதர் கோழிக்கூண்டைத் தாண்டிக்கொண்டு பின்னால் வருகிறார். கூன் தெரியாத மாதிரி ஒரு கோட்டு வேண்டும் என்றார். இதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றியது. என் மனைவி ஜன்னலைச் சாத்தி, என்னையும் வெளியே தள்ளிவிட்டு, அளவெடுத்தாள்.

கோட்டு தைக்கிறவர்கள் ஆளை இரண்டு மூன்று தடவை வரச்சொல்லி போட்டுப் பார்ப்பார்கள். இவள் வரச்சொல்லவில்லை. "ஒவ்வொரு தடவையும் சட்டையைக் கழட்டிட்டு நிக்கணும். அந்த மனுஷனுக்கு அது சித்திரவதைங்க" என்றாள். அதற்குப் பதிலாகக் கிழிசல் துணியைத் திணித்து, எடுத்த அளவுக்கு ஒரு துணி உடம்பு செய்தாள். தலை இல்லை, கை இல்லை, கழுத்திலிருந்து இடுப்பு வரை. கூன் இருக்க வேண்டிய இடத்தில் கூன். அதன்மேல் துணியை வெட்டிப் போட்டு, குண்டூசி குத்திக் குத்திப் பார்த்தாள். கூன் பக்கம்தான் வேலை அதிகம், அதனால் அங்கேதான் குண்டூசியும் அதிகம்.

கோட்டில் அவள் செய்த வேலை நல்ல வேலை. அவருக்கு ஒரு தோள் ஏற்றம், ஒரு தோள் இறக்கம். இறங்கிய தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்த சின்னத் திண்டு ஒன்று தைத்தாள். திண்டு நழுவாமலிருக்க அதிலிருந்து ஒரு நாடா முதுகைச் சுற்றி அக்குளுக்குக் கீழே வந்து முடிய வேண்டும். முதலில் நாடா, பிறகு பட்டன். நாடாவைக் கட்டாமல் பட்டனைப் போட்டால் தோள் சரிந்துவிடும். முடிச்சு விழும் இடத்துக்கு அவர் கை எட்டாது, இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். கோட்டை வாங்க வந்த நாளில் அக்காவையும் கூட்டிவந்தார். என் மனைவி அக்காவுக்குச் சுருக்குப் போட்டுக் கட்டிக் காட்டினாள். இந்த நாடா விஷயம் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று மில்லுக்காரர் எங்களிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் காரணமே இல்லாமல் கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேவையில்லாத சோப்பு வாங்கினார். என் கடை முன்னால் நின்று, சைக்கிளே ஓட்டத் தெரியாத மனிதர், பெல் விலை கேட்டார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை. துணி உடம்பை என் மனைவி குண்டூசியோடு அலமாரி மேல் ஏற்றினாள், அடுத்த கோட்டுக்கு ஆகும் என்று.

அடுத்த கோட்டுக்கு அவர் இல்லை. ஒரு காலையில் மில்லைத் திறந்த வேலையாட்கள் உள்ளறையில் அவர் குப்புறக் கிடப்பதைப் பார்த்தார்கள். புதுக் கோட்டு, பட்டனெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. மயக்கம் என்று நினைத்துத் தூக்கினால் உடம்பு ஜில்லிட்டிருந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சட்டையின் முதுகில் சின்ன ஓட்டை, சுற்றிலும் காய்ந்த ரத்தம், கூனுக்குப் பக்கத்தில் பெரிய ஊசி ஆழமாக இறங்கிய காயம். ஆனால் கோட்டில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

அக்கா அப்போது ஊரில் இல்லை. நகரத்தில் உறவுக்காரப் பெண்ணுக்குப் பிரசவம், துணைக்குப் போயிருந்தார். சின்னவன் முந்தின நாள் சாயங்காலமே சினிமாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னான். தலையில் அடித்துக்கொண்டு அவன் அழுததைப் பார்த்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ரொட்டிக்கடையில் பேச்சு ஆரம்பித்தது. மில்லுக்காரர் கோட்டைக் கழற்றவே மாட்டார், அது ஊரறிந்த சங்கதி. அப்படியானால் கோட்டோடு இருந்தவரைக் கோட்டில் ஓட்டை விழாமல் குத்தியது யார்? "மனுஷன் செய்யுற வேலையா இது?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கேட்டவர்கள் வாயில் கையை வைத்தார்கள். சூனியம் என்ற வார்த்தை மதியத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. யார் வைத்த சூனியம் என்பதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியையும் ரொட்டிக்கடைக்காரரே தீர்த்துவைத்தார். தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தவர் அலமாரி மேலே பார்த்திருக்கிறார். கூன் விழுந்த ஓர் உடம்பு, கூன் முழுக்கக் குண்டூசி.

"அது என்னம்மா அது?" என்று கேட்டாராம்.

"மில்லுக்காரர் உடம்பு" என்றாளாம் என் மனைவி. அவள் அப்படித்தான், கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வாள். "பாவம், அவருக்காகச் செஞ்சது."

ரொட்டிக்கடைக்காரர் பேன்ட்டைக்கூட வாங்காமல் ஓடினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். நான் கடையிலிருந்து கையில் அகப்பட்ட ஸ்பேனரோடு ஓடிவந்து கதவை மறித்து நின்றேன். அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஸ்பேனர் எந்த மூலைக்கு? எல்லாம் தெரிந்த முகங்கள். என்னிடம் காற்றடித்தவர்கள், இவளிடம் சட்டை தைத்தவர்கள். இவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டே ஒருவன், "சூனியக்காரிய வெளிய அனுப்பு" என்று கத்தினான். "வீட்டோட கொளுத்துங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ ஒருவன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்குத் திட்டுவதற்கு வாயில் வார்த்தையே வரவில்லை. என் வாழ்நாளில் அது ஒரு தடவைதான் நடந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் சின்னவனும் நின்றான், கண் வீங்கி, ஒன்றும் பேசாமல்.

போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர் இன்ஸ்பெக்டரம்மா. நேராக மில்லிலிருந்து வந்தவர், மாவுப் புழுதி மூக்கில் ஏறி, இறங்கியதும் அடுக்கடுக்காகத் தும்மினார். கூட்டம் அந்தத் தும்மல் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போறது நான். கேள்வி கேக்குறதும் நான். கொளுத்தணும்னு யாருக்காவது கை துறுதுறுன்னா முதல்ல இந்த ஜீப்பைக் கொளுத்துங்க. அரசாங்க ஜீப்பு. அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்றேன்."

மண்ணெண்ணெய் டின் எங்கே போனது என்று தெரியவில்லை. என் மனைவியை ஜீப்பில் ஏற்றினார், பின்னாலேயே துணி உடம்பையும். "என் பொண்டாட்டிய எதுக்குக் கைது பண்றீங்க?" என்று அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது, வந்த குரலையெல்லாம் அந்த அம்மாள் மீதே காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க. இங்கயே நின்னா உங்களையும் சேர்த்துக் கொளுத்துவாங்க" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. இன்று அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

ஸ்டேஷனில் இவளைக் கம்பிக்குப் பின்னால் வைக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். துணி உடம்பையும் எதிர் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், அதையும் விசாரிக்கப் போகிற மாதிரி.

"சூனியம் கீனியமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கோட்டு இல்லாம இருந்தப்ப குத்தியிருக்காங்க. அப்புறம் கோட்டை மாட்டி விட்டிருக்காங்க. இது சின்னப் புள்ளைக்கும் புரியும். யாரு, எதுக்குன்னுதான் எனக்குத் தெரியணும்."

இதோடு விட்டிருந்தால் வம்பில்லை. என் மனைவி கேட்டாள்: "நாடா கட்டியிருந்துச்சாங்க?"

"எந்த நாடா?"

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். திண்டு, நாடா, அக்குள், முதலில் நாடா, பிறகு பட்டன். இன்ஸ்பெக்டரம்மா டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம், நாடா கட்டியிருந்தது, அதை வெட்டித்தான் கோட்டைக் கழற்றினேன் என்றார் டாக்டர்.

"அப்போ விஷயம் தெரிஞ்சவங்கதான் மாட்டியிருக்காங்க" என்றாள் என் மனைவி. "தெரியாதவங்க வெறும் பட்டனைப் போட்டு விட்டிருப்பாங்க."

"தெரிஞ்சவங்க யாரு?"

"அந்த அக்கா. அவங்க ஊர்ல இல்ல. அப்புறம் நான். இவருக்கும் தெரியும், ஆனா இவருக்கு முடிச்சுப் போட வராது."

மில்லுக்காரர் கோட்டைக் கழற்றியது யார் முன்னால்? இவள் முன்னால். ஊசி யார் கையில் எப்போதும் இருக்கிறது? இவள் கையில். நாடா யாருக்குத் தெரியும்? இவளுக்கு. கொலை நடந்த சாயங்காலம் இவள் எங்கே இருந்தாள்? வீட்டில், தனியாக. நான் கடையில் இருந்தேன். இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தில் அது ஒவ்வொன்றாக ஓடியதைப் பார்த்தேன்.

"ஏய், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று கத்தினேன்.

"உண்மையைத்தானேங்க சொன்னேன்."

"உன் உண்மையைக் கொண்டு குப்பையில போடு!"

இன்ஸ்பெக்டரம்மா என்னை அதட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தோணல" என்றார். "ஆனா எனக்குத் தோணுறதைக் கோர்ட்டுல யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேற ஆள் கிடைக்கலேன்னா உங்களை அனுப்பித்தான் ஆகணும்." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தலையை ஆட்டிவிட்டு, தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், பத்திரமாக வைக்கச் சொல்லி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை மில்லுக்காரரை அடக்கம் செய்தார்கள். மதியம் போல, ஸ்டேஷன் வாசலில் அக்கா வந்து நின்றார். செய்தி கேட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். அடக்கம் முடிந்து, கால் கழுவாமல், செருப்பில் ஈரமண்ணோடு, அப்படியே தனியாக நடந்து வந்திருக்கிறார். இவளைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து குறுக்கே நின்றேன். அக்கா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு இன்ஸ்பெக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அந்த நாடாவுல முடிச்சு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

"இந்தப் பொண்ணு எனக்குச் சொல்லிக் குடுத்தது சுருக்கு. இழுத்தா அவுந்துடும். பெரியவன் குனிஞ்சா அது நிக்கல. நான்தான் அதை மாத்தி, ரெட்டை முடிச்சாப் போட ஆரம்பிச்சேன். இது இவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." "ஒருத்தனுக்குத் தவிர."

இன்ஸ்பெக்டரம்மா உள்ளே போய் ஒரு காகிதப் பையை எடுத்துவந்து, அக்காவுக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பிரித்தார். வெட்டிய நாடா. வெட்டு ஒரு பக்கம், முடிச்சு இன்னொரு பக்கம் அவிழாமல் அப்படியே இருந்தது. ரெட்டை முடிச்சு. என் மனைவி எழுந்து பார்த்துவிட்டு, "இது என் கட்டு இல்லைங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"யாரும்மா அந்த ஒருத்தன்?"

"நான் பிரசவத்துக்குக் கிளம்பினப்ப, நான் இல்லாதப்ப பெரியவனுக்கு யாரு கட்டிவிடுவான்னு சின்னவனை உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். முதல்ல நாடா, அப்புறம் பட்டன். ரெண்டு முடிச்சு."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா நடந்து வந்தேன்." அக்கா அழவில்லை. "ரெண்டு தம்பியையும் நான்தான் வளர்த்தேன். ஒருத்தனை மண்ணுல வச்சிட்டு வர்றேன். இன்னொருத்தன் இன்னிக்கு என்கிட்ட சோறு போடச் சொல்றான், என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறான். ரெண்டும் போயாச்சு. மூணாவதா இந்தப் பொண்ணு எதுக்கு?"

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அக்கா பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தாலே போதும். அந்தச் சாயங்காலத்துக்குள் இவளைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், மிச்சமிருக்கும் ஒரே தம்பி பக்கத்தில் இருந்திருப்பான். யாரும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. இப்படி ஒரு நன்மையை என் கூடப்பிறந்தவர்கள் எனக்குச் செய்வார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் வேறு யாருக்காவது செய்வேனா என்று கேட்காதீர்கள்.

சின்னவனை மில்லிலேயே பிடித்தார்கள். மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். ஓடவில்லை, மறுக்கவுமில்லை. அவனுக்கு ஒரு பெண் மேல் விருப்பம், அண்ணன் அந்தப் பெண் வீட்டுக்கே போய் 'என் தம்பிக்கு வேற இடம் பாத்தாச்சு' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மில் மூடிய பிறகு உள்ளறையில் பேச்சு முற்றியது. தம்பிதானே என்று அவனையே நாடாவை அவிழ்க்கச் சொல்லி அவர் கோட்டைக் கழற்றி வைத்திருந்தார். முதுகைக் காட்டித் திரும்பி, "உன் பேச்சு முடிஞ்சுது, மூட்டையைத் தை" என்றிருக்கிறார். இவன் கையில் கோணி ஊசி. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் முடிந்துவிட்டது என்றான்.

கோட்டை எதற்கு மாட்டினாய் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டாராம். "காலையில வேலையாளுங்க வந்து அண்ணனை அப்படிப் பாப்பாங்களே. அவருக்குப் பிடிக்காது" என்றானாம். அண்ணனைக் கொன்றவனுக்கு அண்ணனின் மானம் பெரிதாகப் போய்விட்டது. கட்டத் தெரிந்த ரெட்டை முடிச்சை ஒழுங்காகக் கட்டி, பட்டனையும் வரிசையாகப் போட்டு விட்டுப் போயிருக்கிறான். அந்த ஒரு கரிசனத்தில்தான் ஊருக்குச் சூனியம் கிடைத்தது, என் மனைவிக்கு மண்ணெண்ணெய் டின் வந்தது. அதெல்லாம் தெரிந்தே கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

இவளை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று ரொட்டிக்கடைக்காரர் சுடச்சுட ஒரு ரொட்டியோடு வந்து வாசலில் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "இன்னிக்கு நல்லா உப்பி வந்திருக்கு" என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். என் மனைவி கதவைத் திறந்து, "உங்க பேன்ட்டு ரெடிங்க, எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் அங்கேயே அழுதுவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். போகட்டும். வந்தார்களே, அதற்கும் நான் நன்றியுள்ளவன்தான். இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, "நன்றியெல்லாம் அந்த மில் அக்காவுக்குச் சொல்லுங்க. போய் வேலையைப் பாருங்க" என்று என்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் ஊருக்கு யாரையாவது வெறுத்தால்தான் பொழுது போகும் போல. இவளை விட்டவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்தவ" என்றார்கள். கோதுமையை அடுத்த ஊர் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா தினமும் மில்லைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, யாரும் வராத வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி ஒரு காலை கோதுமை மூட்டையை என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினாள். "வாங்க போகலாம்" என்றாள். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றாள், பின்சந்து வழியாக அல்ல. எல்லோரும் பார்த்தார்கள். நான் பெல்லை அடித்துக்கொண்டே தள்ளினேன். மில்லில் அக்கா தானே மெஷினை ஓட்டி மாவு அரைத்தார். நன்றி சொல்ல வழியெல்லாம் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். "அக்கா, நீங்க மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"அதைப் பேசாதே தம்பி. என்னால கேக்க முடியாது." மூட்டையின் வாயைக் கட்டினார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "உன்கிட்ட கேக்கக் கூடாதுதான். ஞாயித்துக்கிழமை அவனைப் பாக்க ஜெயிலுக்குப் போறேன். தனியாப் போக எனக்குக் கால் வரலம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவளைக் கொளுத்த வந்தபோது வேடிக்கை பார்த்தவனை இவளே போய்ப் பார்ப்பதா? வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "எத்தனை மணி பஸ்ஸு, அக்கா?" என்றாள்.

ஞாயிறன்று மூன்று பேரும் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னவன் இளைத்துப் போயிருந்தான். அக்காவுக்குப் பின்னால் என் மனைவியைப் பார்த்ததும் அவன் தலை தொங்கிவிட்டது.

"அண்ணி, அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றான்.

"திறந்திருக்கணும்தான்" என்றாள் இவள், ஒளிவு மறைவில்லாமல். "இப்ப அக்காகிட்ட பேசுங்க. அதுக்குத்தான் வந்திருக்காங்க."

அக்காவை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் சுவரோரம் நின்றோம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்க முயலவுமில்லை. அக்காவின் விரல்கள் வலையைப் பிடித்திருந்தன, அந்தப் பக்கத்திலிருந்து அவன் விரல்களும் அங்கேயே இருந்தன. நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னபோது அக்கா உடனே திரும்பி நடந்தார். வெளி கேட் வரை வந்த பிறகுதான் அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரு சீட்டில், நான் பின் சீட்டில். நகரம் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிப்போனார். தம்பி இறந்ததிலிருந்து சரியாகத் தூங்கவே இல்லை என்று வரும்போது சொல்லியிருந்தார். அவர் தலை மெல்லச் சாய்ந்து என் மனைவியின் தோளில் வந்து நின்றது. இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர் வந்தது, கண்டக்டர் பின்னால் திரும்பி, "எழுப்புங்க, உங்க ஸ்டாப் வந்தாச்சு" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் இவள் மெதுவாக. "கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போகட்டும். நாங்க நடந்து வந்துக்கிறோம்."

கடைசி ஸ்டாப்பிலிருந்து எங்கள் ஊருக்கு நல்ல தூரம், வெயில் வேறு. வேறு நாளாக இருந்தால் பஸ்ஸையே இரண்டாக்கியிருப்பேன். நான் பையிலிருந்து சில்லறையை எடுத்து மிச்சத் தூரத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கினேன். அக்கா தூங்கட்டும். அவர் சாய்ந்திருக்கும் அந்தத் தோள் இன்று அங்கே இருப்பதே அவரால்தான்.